விசில் ஊதுகிறவர் ஆட வந்தால்

(மாணவர்களும் இளைஞர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



விளையாட்டும் சாதியும் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெரிய தலைப்பு. ஒரு சாயங்காலத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நடுவர், சங்கச் செயலாளர், தேர்வுக்குழு உறுப்பினர், போட்டி நடத்துகிற கமிட்டிக்காரர் என்று ஆட்டத்துக்கு வெளியே நின்று அதிகாரம் பண்ணுகிற ஆட்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களே ஆட்டக்காரராகவோ பயிற்சியாளராகவோ களத்துக்குள் இறங்கினால் எப்படி நடந்துகொள்கிறார்கள்? இதுதான் நான் பேசப்போவது.

சாதாரணமா யோசிச்சா என்ன தோணும்? விதி நல்லாத் தெரிஞ்சவர் அவர்தான். நாலு பேரைக் கட்டுப்படச் சொன்னவரும் அவர்தான். அப்ப எல்லாரையும்விட அவர்தான் ஒழுங்கா ஆடணும். ஆனா நான் பார்த்த வரைக்கும் அது நேர் தலைகீழ். எதுக்குன்னு முதல்ல என் கதையைச் சொல்லிட்டு, அப்புறம் பெரிய ஆளுங்க கதைக்குப் போறேன்.

1990களின் தொடக்கம். எனக்கு 19 வயது. எங்கள் காலனியில் கைப்பந்து அணி ஒன்று வைத்திருந்தோம். பந்து ஒன்று, வலை ஒன்று, அதுவும் மீன்வலை நூலில் நாங்களே ஒட்டுப்போட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு நாள் மின்னொளிப் போட்டி. சுழற்கோப்பை, ரொக்கம், கலந்துகொள்கிறவர்களுக்குச் சான்றிதழ். நாங்கள் கோப்பைக்காகப் போகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அந்தப் போட்டியில்தான் பார்த்து எடுப்பார்கள். மாவட்ட அணிச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, அப்புறம் போலீஸ், ரயில்வே என்று ஒரு வழி இருந்தது. நிலம் இல்லாதவன் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் காகிதம்தான் பட்டா.

எங்க அணியில பூஸ்டர் ஒரு பையன். இன்னைக்குச் செட்டர்னு சொல்றீங்களே, அந்த இடம். பத்தாவது முடிச்சிட்டுக் கல்லு உடைக்கப் போயிட்டிருந்தான். பின்பக்கமாத் திரும்பி அவன் தூக்கிவிடற பந்து, அடிக்கிறவன் கையத் தேடிப் போய் நிக்கும். அப்படி ஒரு கை.

காலை ஆட்டத்துக்கு நடுவர் அந்த வட்டாரத்து பி.டி. வாத்தியார் ஒருவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கழுத்தில் விசில், வலைக்கம்பத்துப் பக்கத்தில் உயரமான ஸ்டூல். மாவட்டத் தேர்வுக்கும் அவர்தான் முக்கியமான ஆள். ஆட்டம் நடக்கும்போது எங்கள் பக்கம் நெட் டச் என்று விசில் அடித்தார். யாரும் வலையைத் தொடவில்லை. பூஸ்டர் பையன் கையை விரித்து, "சார், படல சார்" என்றான். அவ்வளவுதான். ஸ்டூலை விட்டு இறங்கி வந்தார். "கேப்டன் தவிர ஒருத்தனும் நடுவர்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது, விதி தெரியுமாடா?" என்றார். விதி அப்படித்தான். அதில் தப்பில்லை. ஆனால் முதலில் எச்சரிக்கை, அதற்கப்புறம்தான் அட்டை என்பதும் விதிதான். அது அவருக்கு ஞாபகம் வரவில்லை. "காலனிப் பசங்களுக்கு வாய் நீளம்" என்று ஒரு வார்த்தையும் சொல்லி, அந்தப் போட்டி முழுவதுக்குமே அவனை வெளியே அனுப்பிவிட்டார். நான்தான் கேப்டன். நான் போய்க் கேட்டேன். "அடுத்து நீயா?" என்றார். பேசாமல் வந்துவிட்டேன். பூஸ்டர் இல்லாமலே எப்படியோ அந்த ஆட்டத்தை ஜெயித்தோம்.

சாயங்காலம் அரையிறுதி. எங்களுக்கு எதிரில் ஊர் அணி. லைட் போட்டாச்சு. எதிர்ப்பக்கம் யார் நிக்கிறான்னு பார்த்தா, அதே வாத்தியார். வெள்ளை உடுப்பைக் கழட்டிட்டு நம்பர் போட்ட பனியனோட நிக்கிறார். காலையில நடுவர், சாயங்காலம் ஆட்டக்காரர். ஸ்டூல் மேல உக்காந்திருந்தது அவர்கிட்டப் படிச்ச பையன், புதுசா நடுவர் தேர்வு எழுதப்போறவன்.

அப்போதெல்லாம் 15 பாயிண்ட் ஆட்டம். சர்வீஸ் நம் கையில் இருந்தால்தான் பாயிண்ட். மூன்றாவது செட், 13-13. சர்வீஸ் அவர்கள் கையில். வாத்தியார் எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தார். நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறங்கும்போது நெஞ்சு முழுக்க வலையில் விழுந்தது. கம்பமே ஆடியது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்டூல் மேலிருந்த பையன் விசில் அடித்து எங்கள் பக்கம் கை காட்டினான்.

வாத்தியார் நேராகப் போனார். அவர் அணிக்குக் கேப்டன் வேறொருவர். கேப்டன் தவிர யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று காலையில் சொன்ன அதே வாய்தான். ஸ்டூல் காலைப் பிடித்து ஆட்டினார். "எறங்குடா கீழ. நான் சொல்லிக் குடுத்த விசிலை எனக்கே ஊதுறியா?" என்றார். அந்தப் பையன் முகம் வெளுத்துப் போனது. தீர்ப்பை மாற்றினான். பாயிண்ட் அவர்களுக்கு. அடுத்த பாயிண்ட்டும் போனது. முடிந்தது.

கோப்பை போனது பெரிசில்லைங்க. பூஸ்டர் பையனை மாவட்டத் தேர்வுக்கே கூப்பிடலை. "ஒழுக்கம் சரியில்லாத பையன்"னு பேர் ஆயிடுச்சு. வலையில விழுந்து, ஸ்டூலை ஆட்டி, நடுவரை மிரட்டினவருக்கு அந்தப் பேர் வரலை. கை விரிச்சு "படல சார்"னு சொன்னவனுக்கு வந்துச்சு. இன்னைக்கு அவன் லோடு வண்டி ஓட்டறான். பந்தைத் தொட்டு வருசக்கணக்காச்சு.

ரொம்ப நாள் கழித்து, ஸ்டூல் மேலிருந்த அந்தப் பையனை ஒரு பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவனாகவே வந்து பேசினான். "அண்ணே, நெட்டுல விழுந்தது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நடுவர் தேர்வுக்கு அவர் கையெழுத்து வேணும். நான் என்ன பண்ண முடியும்?" என்றான்.

தோழர்களே, நான் இன்றைக்குச் சொல்லவேண்டியது மொத்தமும் அந்தப் பையன் சொன்னதில் இருக்கிறது. வாத்தியாருக்குக் கோபம் அதிகம், சாதிப் புத்தி, தோல்வியைத் தாங்காத மனசு, எல்லாம் உண்மை. ஆனால் கோபக்காரர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். எங்கள் அணியிலும் இருந்தார்கள். எங்களுக்குக் கோபம் வந்தால் விசில் அடங்கச் சொல்லும், அடங்குவோம். அவருக்குக் கோபம் வந்தால் விசில் அடங்கும். ஏனென்றால் அந்த விசிலே அவர் கொடுத்தது. யாருக்கு விசில் கிடைக்கும் என்று முடிவு செய்கிறவர் ஆட வந்தால், களத்தில் நடுவர் என்று ஒருவர் இருக்கிறார், தீர்ப்பு என்று ஒன்று இல்லை.

ஏதோ பட்டிக்காட்டு மைதானத்துக் கதை, பெரிய இடத்துல இப்படி நடக்காதுன்னு நினைச்சிடாதீங்க. லண்டன் லார்ட்ஸ் மைதானத்துல நடந்த கதை ஒண்ணு சொல்றேன்.

1936ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் அணி இங்கிலாந்து போனது. தலைவர் யார்? விஜயநகர மகாராஜகுமார் விஜய ஆனந்த கஜபதி ராஜு. கிரிக்கெட் உலகம் 'விஸ்ஸி' என்று கூப்பிடும். அன்றைய சென்னை மாகாணத்து ஜமீன் குடும்பம், பனாரஸில் போய் வாழ்ந்தவர். கிரிக்கெட்டுக்குப் பணம் செலவழித்தார், அதை மறைக்கவேண்டியதில்லை. 1930-31இல் ஜாக் ஹாப்ஸ், ஹெர்பர்ட் சட்கிளிஃப் மாதிரியான இங்கிலாந்து ஆட்டக்காரர்களை அழைத்துவந்து சொந்தமாக ஒரு அணி கட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் ஆடவைத்தார். வாரியத்துக்கு வேண்டியவர். வைஸ்ராய்க்கு வேண்டியவர். தலைவர் பதவி ஓட்டுப்போட்டு முடிவாயிற்று. ஓட்டை எப்படிச் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியும். மட்டையால் வந்த தலைமை இல்லை அது. மூன்று டெஸ்டிலும் சேர்த்து அவர் அடித்த ஓட்டம் 33.

அந்த அணியில் யாரெல்லாம் இருந்தார்கள்? 1932இல் இந்தியாவின் முதல் டெஸ்டுக்குத் தலைமை ஏற்ற சி.கே. நாயுடு இருந்தார். 1933இல் பம்பாயில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் சதம் அடித்த லாலா அமர்நாத் இருந்தார். விஜய் மெர்ச்சண்ட் இருந்தார். இவர்களுக்கெல்லாம் விஸ்ஸி தலைவர்.

அமர்நாத்துக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். முதல் டெஸ்டுக்கு முன்னால், லார்ட்ஸில் மைனர் கவுண்டீஸ் அணியோடு ஆட்டம். காலில் பேட் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரவேண்டியவர்களை எல்லாம் முன்னால் அனுப்பினார்கள். பேட் கட்டிய காலோடு அவர் காத்திருந்தார். பொழுது முடியப்போகிற கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அவரை அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் ஆத்திரத்தில் சாமான்களைத் தூக்கி எறிந்தார், பஞ்சாபியில் ஏதோ முணுமுணுத்தார். அது ஒழுங்கீனம் என்று தலைவர் விஸ்ஸியும் மேனேஜராக இருந்த வெள்ளைக்கார மேஜர் பிரிட்டன் ஜோன்ஸும் முடிவுகட்டி, முதல் டெஸ்ட் தொடங்கும் முன்பே அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கைவிரிச்சு "படல சார்"னு சொன்ன எங்க பையன் எனக்கு ஞாபகம் வர்றான்.

இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டரில். மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் தொடக்க ஜோடியாக இறங்கி 203 ஓட்டம் சேர்த்தார்கள். இருவரும் சதம். வெளிநாட்டில் இந்தியர் அடித்த முதல் டெஸ்ட் சதம் முஷ்டாக்கினுடையது. அந்த ஆட்டத்தில், மெர்ச்சண்டை வேண்டுமென்றே ரன் அவுட் ஆக்கிவிடு என்று தலைவரே தனக்குச் சொல்லியனுப்பினார் என்றும், தான் அதை மெர்ச்சண்டிடமே சொல்லிவிட இருவரும் சிரித்துவிட்டு ஆடினார்கள் என்றும் முஷ்டாக் அலி பின்னாளில் சொன்னதாகக் கிரிக்கெட் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சொந்த அணியின் ஆட்டக்காரனையே வீழ்த்தப் பார்க்கிற தலைவர்! அந்தப் பயணத்தின் போதே பிரிட்டிஷ் அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. மூன்று டெஸ்டில் இரண்டில் இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

திரும்பி வந்தபின் விசாரணை நடந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் பியூமாண்ட் தலைமையில் குழு. 1937 ஜனவரியில் அறிக்கை வந்தது. அமர்நாத் மேல் குற்றமில்லை. தலைவருக்கு ஆள் நிறுத்தத் தெரியவில்லை, பந்துவீச்சை மாற்றத் தெரியவில்லை, அவருடைய தலைமை நாசம் என்ற பொருளில் அந்த அறிக்கை சொன்னது.

சரி, நியாயம் கிடைச்சிடுச்சேன்னு நினைப்பீங்க. கணக்குப் பாருங்க. 1936க்கு அப்புறம் இந்தியாவுக்கு அடுத்த டெஸ்ட் 1946இல்தான். இடையில் உலகப்போர். அமர்நாத்தின் நல்ல வயசு பத்து வருசம் போனது. விஸ்ஸிக்கு என்ன போனது? அறிக்கை வந்த 17ஆவது வருஷம், 1954இல், அவர் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவர். 1958இல் பத்மபூஷண். தவறு செய்தவர் விதி எழுதுகிற நாற்காலிக்குப் போனார். தவறுக்கு ஆளானவர் பத்து வருசம் காத்திருந்தார்.

ராஜாக்கள் எல்லோருமே இப்படி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1932இல் இங்கிலாந்து போன அணிக்குத் தலைவராகப் போனவர் போர்பந்தர் மகாராஜா. தனக்கு ஆட்டம் வரவில்லை என்று தெரிந்ததும் லார்ட்ஸ் டெஸ்டிலிருந்து ஒதுங்கி, சி.கே. நாயுடுவைத் தலைமை தாங்கவிட்டார். மனசிருந்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நம் பிள்ளைகளின் வாழ்க்கையை ஒரு ராஜாவின் நல்ல மனசை நம்பி விட முடியாது.

அமர்நாத்தாவது விசாரணைக்கு ஆளானார். விசாரணை என்ற பேச்சே எழாத ஒருவர் கதை இருக்கிறது. பல்வங்கர் பாலு. உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பாலு 1876இல் பிறந்தவர். சாமர் சாதி. பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்கு மைதான வேலை. களத்தை உருட்டுவது, வலை கட்டுவது, கோடு போடுவது. துரைமார்கள் பயிற்சி செய்யும்போது மணிக்கணக்காகப் பந்துபோட்டார். மட்டை அவர் கைக்கு வரவில்லை. அப்படிப் பந்துபோட்டே அந்தக் காலத்தின் மிகச்சிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் ஆனார். பூனா இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. எப்படிச் சேர்த்துக்கொண்டது? களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தூக்கியெறிகிற மண்குவளையில் தேநீர். பந்துக்குத் தீட்டு இல்லை, குவளைக்குத் தீட்டு.

1911இல் இந்திய அணி ஒன்று முதன்முதலாக இங்கிலாந்து போனது. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களத்துக்கே வரவில்லை. விருந்து, உபசாரம், அரச குடும்பத்துச் சந்திப்பு. அந்தப் பயணத்தில் எல்லா ஆட்டமும் சேர்த்து 114 விக்கெட் எடுத்தவர் பாலு. ஆடாதவர் தலைவர். ஆடியவர் தலைவர் ஆகவே முடியாது. பம்பாய் நாற்கோணப் போட்டியில் இந்து அணிக்கு வருசா வருசம் ஆடினார், ஜெயித்துக் கொடுத்தார். தேர்வுக்குழுவில் உட்கார்ந்திருந்த ஜிம்கானாக் கனவான்கள் ஒரு வருசம்கூட அவரைத் தலைவராக்கவில்லை.

1920இல் பாலுவையே அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தலைவராக இருந்த எம்.டி. பை நோயில் படுக்க, பாலுவின் தம்பி விட்டலுக்கு வரவேண்டிய தலைமையை டி.பி. தேவ்தருக்குக் கொடுத்தார்கள். விட்டலும் இன்னொரு தம்பி சிவராமும் என்ன செய்தார்கள்? முணுமுணுத்துவிட்டு ஆடப்போகவில்லை. காரணத்தை வெளிப்படையாக எழுதி அறிக்கை விட்டுவிட்டு அணியிலிருந்து விலகினார்கள். அந்த அறிக்கைக்குப் பலன் இருந்தது. இறுதி ஆட்டத்துக்குச் சகோதரர்களைத் திரும்ப அழைத்தார்கள். பாலுவைத் துணைத்தலைவர் ஆக்கினார்கள். பை களத்தைவிட்டு வெளியே போய்ப் பாலுவைக் கொஞ்ச நேரம் தலைமை தாங்கவிட்டார். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவர் ஆனார்.

பாலு 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று அண்ணல் அம்பேத்கரிடம் தோற்றவர். 1932இல் நம்ம ஊர் எம்.சி. ராஜாவோடு சேர்ந்து தனி வாக்காளர் தொகுதிக்கு எதிர்ப்பக்கம் நின்றவர். அந்த அரசியல் மேல் நமக்கு விமர்சனம் உண்டு. அது தனிப் பேச்சு. இன்றைக்கு அந்த வீட்டில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது 1920இல் அந்தத் தம்பிகள் எழுதிய காகிதத்தை. நான் 19 வயசில் "அடுத்து நீயா?"ன்னு கேட்டதும் பேசாம வந்துட்டேன் பாருங்க, அவங்க அப்படி வரலை.

இதெல்லாம் ராஜா காலத்துக் கதை, இப்ப சட்டம் இருக்கு, கோர்ட் இருக்குன்னு சொல்வீங்க. 2008க்கு வாங்க. ஐ.பி.எல். தொடங்குகிறது. சென்னை அணியை வாங்கியது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன். அதே நேரத்தில் அவர் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். நிர்வாகிகள் வாரியம் நடத்துகிற போட்டிகளில் வியாபார ஆதாயம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாரியத்திலேயே விதி இருந்தது. என்ன செய்தார்கள்? ஐ.பி.எல்.லுக்கு மட்டும் அது பொருந்தாது என்று அதே ஆண்டில் விதியைத் திருத்தினார்கள். பிறகு அவர் செயலாளர் ஆனார், 2011இல் தலைவர் ஆனார். அணி ஒரு பக்கம் ஆடுகிறது, அணியின் முதலாளி போட்டி நடத்துகிற வாரியத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். 2015 ஜனவரி 22இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லாது என்றது. இப்படி ஆதாயம் வைத்திருக்கிறவர்கள் வாரியத் தேர்தலில் நிற்கக் கூடாது என்றது. சூதாட்ட விவகாரத்தை அவர் மூடி மறைத்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதைக் கவனியுங்கள். தனிப்பட்ட குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனாலும் அந்த இரண்டு நாற்காலியிலும் ஒரே ஆள் உட்காருவது தப்பு. ஆள் நல்லவரா கெட்டவரா என்று நாம் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. நல்லவராகவே இருக்கட்டும். ஒரு நாற்காலியை விட்டு எழுந்திருக்கட்டும்.

நாடுகளுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்து, கொஞ்சம் வழி கண்டிருக்கிறார்கள். டெஸ்ட் ஆட்டங்களுக்கு எந்த நாட்டில் ஆடுகிறார்களோ அந்த நாட்டு அம்பயர்கள்தான் நிற்பார்கள் என்பது பழைய வழக்கம். போகிற நாடெல்லாம் "ஏமாத்திட்டாங்க" என்று புலம்பும். 1986இல் பாகிஸ்தான் தலைவர் இம்ரான் கான், வெஸ்ட் இண்டீஸோடு லாகூரில் ஆடிய டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியையும் பிலூ ரிப்போர்ட்டரையும் அம்பயர்களாக வரவழைத்தார். பாகிஸ்தானில், பாகிஸ்தான் ஆடும் ஆட்டத்துக்கு, இந்திய அம்பயர்கள்! 1994இலிருந்து ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு பொது நாட்டு அம்பயர் என்றும், 2002இலிருந்து இருவருமே பொது நாட்டவர் என்றும் விதி வந்தது. பகையாளி நாடுகளால் முடிந்தது, ஊருக்கும் சேரிக்கும் நடுவில் முடியாதா?

இதுவரைக்கும் மற்றவர்களைப் பற்றிப் பேசினேன். கேட்கவும் நன்றாக இருந்திருக்கும். இனி என்னைப் பற்றிப் பேசவேண்டும். இதைச் சொல்லாமல் போனால் நான் பேசியது முழுக்கப் பொய்.

அந்த அரையிறுதி நடந்து பல வருசம் கழித்து, ஏப்ரல் 14க்கு எங்கள் காலனியில் நாங்களே கைப்பந்துப் போட்டி நடத்த ஆரம்பித்தோம். நல்ல வலை, நல்ல பந்து, எங்கள் மேடை, எங்கள் மைக். நான்தான் கமிட்டிச் செயலாளர். எங்கள் அணிக்குக் கேப்டனும் நான்தான். அது தப்பு என்று எனக்குத் தோன்றவேயில்லை. நம்ம போட்டிதானே.

ஒரு வருசம் லைன் பார்க்க ஒரு பெண்ணை நிறுத்தினோம். ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு. பள்ளிக்கூட அணியில் ஆடுகிறவள், விதி தெரிந்தவள். பக்கத்து அருந்ததியர் தெருப் பிள்ளை. இறுதி ஆட்டத்தில் நான் அடித்த பந்து ஓரமாக விழுந்தது. அவள் கொடியை உயர்த்தி அவுட் என்றாள். எனக்கு உள்ளே விழுந்த மாதிரி தெரிந்தது. ஆட்டக்காரனுக்கு எப்பவுமே அப்படித்தான் தெரியும். நான் போய்க் கத்தினேன். கத்தினது மட்டும் என்றால் பரவாயில்லை. "எங்க காலனிக்கு வந்து எங்களுக்கே கொடி தூக்குறியா?" என்று கேட்டேன்.

அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்ததுன்னு உங்களுக்குப் புரியுது இல்ல? "நான் சொல்லிக் குடுத்த விசிலை எனக்கே ஊதுறியா?" அதே வார்த்தைதான். வாத்தியார் எனக்குள்ள உக்காந்து பேசினார். எங்க தலைக்கு மேல அம்பேத்கர் படம், மாலை போட்டு வெச்சிருக்கோம். அதுக்குக் கீழ நின்னுதான் கேட்டேன்.

அவள் அழவில்லை. கொடியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். முதல் நடுவர் எங்கள் பையன், தீர்ப்பை மாற்றினான். நாங்கள் கோப்பை வாங்கினோம். மைக்கில் என் பேரை நாலு தடவை சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா நாற்காலி போட்டார். எனக்கு உட்கார முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் வேணாம்ண்ணே. அடுத்த வருசம் நீங்க ஆடறதா இருந்தா கமிட்டியில இருக்காதீங்க. கமிட்டியில இருந்தா ஆடாதீங்க. ரெண்டுல ஒண்ணு. அப்ப நான் வந்து கொடி பிடிக்கிறேன்."

உச்ச நீதிமன்றம் பக்கம் பக்கமாக எழுதியதை அவள் மூன்று வரியில் சொல்லிவிட்டாள். அடுத்த வருசம் நான் ஆடவில்லை. வயசும் ஆகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணத்தை இப்போதுதான் ஒரு கூட்டத்தில் சொல்கிறேன். அவள் வந்து கொடி பிடித்தாள்.

தோழர்களே, நம் இயக்கத்துப் பிள்ளைகள் போட்டி நடத்துகிறீர்கள், அணி கட்டுகிறீர்கள், சிலர் உடற்கல்வி படிக்கிறீர்கள். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

நாம் நடத்துகிற போட்டியில் கமிட்டியில் இருக்கிறவர் ஆடக் கூடாது, அணிக்குப் பயிற்சியும் கொடுக்கக் கூடாது. இதைத் துண்டுப் பிரசுரத்திலேயே அச்சடியுங்கள். ஆடுகிற இரண்டு அணிக்கும் சம்பந்தமில்லாத இடத்திலிருந்து நடுவரைக் கூப்பிடுங்கள். நம்மைவிடக் கீழே என்று நம்மில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிற தெருவிலிருந்தும் கூப்பிடுங்கள். அவர்கள் கொடி தூக்கினால் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த சர்வீஸுக்குப் போங்கள்.

அடுத்தவர் நடத்துகிற போட்டிக்குப் போகும்போது விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். கேப்டன் எழுத்து மூலமாக ஆட்சேபம் கொடுக்க முடியும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு காகிதமாவது மிஞ்சியிருக்கும். காலையில் நடுவராக இருந்தவர் சாயங்காலம் எதிரணியில் நின்றால், ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிக் கொடுங்கள். தோற்ற பிறகு கொடுத்தால் தோற்றவன் புலம்பல் என்பார்கள்.

அப்புறம், நடுவர் தேர்வு எழுதுங்கள். நம் தெருக்களில் நன்றாக ஆடுகிறவர்களுக்குக் குறைவில்லை. விசில் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஊரில் நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனால் விசில் கைக்கு வருகிற அன்றைக்கு என் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது வந்த பிறகு ஆட ஆசை வந்தால், விசிலைக் கழற்றி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் ஊதினால் நில்லுங்கள்.

வருகிற ஏப்ரல் 14 போட்டிக்கு அந்தப் பூஸ்டர் பையனை, பையன் என்ன, 50 வயசு ஆகிவிட்டது, முதல் நடுவராக உட்காரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லோடு வண்டிக்கு அன்றைக்கு வாடகை வராமல் இருந்தால் வருகிறேன் என்றான். நீங்கள் எல்லோரும் வாருங்கள்.